சந்தனமாரியின் வலது கால்

ஜூலை 5, ஞாயிறு

இன்று என் நாத்தனாரின் அணி தோற்றது. தோற்கடித்தது நான். நான் விளையாடவில்லை, நடுவராக நின்றேன்.

மாவட்ட லீக் ஆட்டம். வர வேண்டிய நடுவர் கடைசி நேரத்தில் வரவில்லை. செல்வின் சார்தான் எங்கள் மாவட்டத்தில் நடுவர்களுக்கெல்லாம் பொறுப்பு. "நீங்களே பிளேட்டுக்குப் பின்னால நில்லுங்க டீச்சர், வேற ஆள் இல்ல" என்றார். "சந்தனமாரி என் வீட்டுக்காரர் தங்கச்சி சார்" என்றேன். "அதனால என்ன, நீங்க நேர்மையா நிப்பீங்க" என்றார். மட்டை பிடிப்பவளுக்கும் பந்து பிடிக்கும் கேட்சருக்கும் பின்னால் நின்றேன்.

கடைசிச் சுற்று. ஆட்டம் சமநிலை. எதிரணி மட்டை பிடிக்கிறது. ஓடி வந்து நிற்க வேண்டிய மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது. மட்டையோடு நிற்பவளுக்கு இன்னும் ஒரு பந்து தவறாகப் போனால் அவள் சும்மா நடந்து போகலாம், மற்றவர்களும் ஒவ்வொரு பேஸ் நகர்வார்கள், ஒரு ரன் வந்துவிடும். சந்தனமாரி கையைச் சுழற்றிப் பந்தை விட்டாள். அற்புதமான பந்து. நான் இடது கையை நீட்டி "இல்லீகல் பிட்ச்!" என்று கத்தினேன். விதி மீறி எறிந்ததும் தவறான பந்துக் கணக்குதான், ஆட்டம் முடிந்தது.

சாஃப்ட்பாலில் தோளுக்கு மேலிருந்து எறிய முடியாது. கையைக் காற்றாலைபோல் சுற்றி, கீழிருந்து, இடுப்பை ஒட்டி விட வேண்டும். பந்து எறியும் பிட்சர் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை மண்ணில் பதிந்திருக்கும். பின்னங்கால் அந்தப் பலகையிலிருந்து ஒரு முறைதான் உந்தலாம். சந்தனமாரியின் வலது கால் பலகையை விட்டு எழும்பி, முன்னால் போய் மறுபடி ஊன்றி, அங்கிருந்து இன்னொரு முறை உந்துகிறது. பந்துக்கு வேகம் கூடும், தூரம் குறையும். காகம் தத்துவதைச் சொல்லித்தான் அந்தத் தப்புக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சுற்றிலும் ஒரு முறை சொன்னேன். மதினி சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்திருப்பாள் போல, சிரித்தாள். கடைசியில் சிரிக்கவில்லை. பந்தைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

வீட்டில் யாரும் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை. இவர் தன் பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் தனித்தனியாக முட்டை பப்ஸ் கொண்டுவந்து, தனித்தனி அறைகளில் கொடுத்தார்.

ஜூலை 6, திங்கள்

பள்ளியில் வழக்கமான நாள். எட்டாம் வகுப்புக்குக் கபடி. நேற்றைய விஷயம் என்னைப் பாதிக்கவில்லை.

சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன். புளி கரைத்து ஊற்றிச் சரிசெய்தேன்.

ஜூலை 7, செவ்வாய்

இன்று அத்தை வாயைத் திறந்தார்கள். கோபம் மகள் தோற்றதில் இல்லையாம்.

"ஏத்தா காளீஸ்வரி, தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டுப் போ. அத்தனை சனம் மத்தியில இல்லீகல்னா கத்துவ?"

"அத்தை, விதிப்படி அதைத்தான் சொல்லணும்."

"நியூஸ்ல மணல் அள்ளுறவனையும் சாராயம் காச்சுறவனையும்ல அப்படிச் சொல்றான். நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தா, பொண்ணு இல்லீகலாம்லன்னு கேக்க மாட்டானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த சந்தனமாரியின் தோளும் ஒருமுறை குலுங்கியது. நான் பார்ப்பதைக் கண்டதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 9, வியாழன்

சந்தனமாரி என்னோடு பேசுகிறாள், தன் அண்ணன் வழியாக. நான் அதே அறையில் இருக்கும்போதே.

"அண்ணே, அவங்ககிட்ட சொல்லு. என் ஃப்ரெண்டு மேட்ச் வீடியோ எடுத்திருக்கா. என் கால் எழும்பலைன்னு அதுல தெரியும்."

"காளி, வீடியோ இருக்காம்," என்றார் இவர்.

"காது கேக்குதுங்க. பாக்கலாம்."

நால்வரும் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்தோம். மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். தோழி கலைக்கண்ணோடு எடுத்திருக்கிறாள். முகம் இருக்கிறது, பறக்கும் முடி இருக்கிறது, சுழலும் கை இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"நல்லா இருக்கத்தா நீ" என்றார்கள் அத்தை. வழக்கு அத்தோடு தள்ளுபடி.

ஜூலை 12, ஞாயிறு

துணி துவைத்தேன். ஆடிக்கு முன்னாலேயே காற்று தொடங்கிவிட்டது, கொடியில் போட்ட போர்வை பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது.

வாசலில் சந்தனமாரியின் விளையாட்டு ஷூ கிடந்தது. ஒதுக்கி வைக்கும்போது திருப்பிப் பார்த்தேன். சரியாக விண்ட்மில் போடுகிறவளின் பின்னங்கால் மண்ணை இழுத்துக்கொண்டே வரும். அந்த ஷூவின் நுனிதான் முதலில் தேயும். கல்லூரியில் எங்கள் பிட்சர் நுனி கிழியாமலிருக்கத் தோல் வைத்துத் தைத்திருப்பாள். இவள் வலது ஷூவின் நுனி கடையில் வாங்கின நாள்போலப் பளபளக்கிறது. குதிகால்தான் தேய்ந்திருக்கிறது.

இதை இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்குப் போனால், சந்தனமாரி படியில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போர்வையை எடுக்கப் போனேன்.

ஜூலை 15, புதன்

பேக்கரியில் ஒரு மூட்டை மைதாவில் வண்டு விழுந்துவிட்டது. கொட்டப் போனவரிடமிருந்து வாங்கி, ஸ்கூட்டியில் வைத்துப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் சந்தனமாரி அங்கேதான் சுவரில் பந்து எறிந்து பழகுவாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல், பிட்சர் பலகைக்கு முன்னால் மாவைப் பரப்பினேன். அவளும் ஒரு வார்த்தை பேசாமல் வந்து நின்று எறிந்தாள்.

இருவரும் குனிந்து பார்த்தோம். பலகையிலிருந்து கொஞ்ச தூரம் மாவு கலையவே இல்லை. அதற்கப்பால் ஆழமாக ஒரு குழி. அங்கேதான் இரண்டாவது முறை உந்தியிருக்கிறாள். அழித்துவிட்டு மறுபடி எறிந்தாள். அதே குழி. மறுபடி. அதே குழி.

இடுப்பில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"நீங்க சொன்னது சரின்னு நான் சொல்லல மதினி," என்றாள். "மாவு சொல்லுது."

பத்து நாளில் எனக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை. தேதி போட்டு எழுதி வைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதியாயிற்று.

ஏன் இந்தப் பழக்கம் வந்தது என்று பேசிக்கொண்டே வந்தோம். அவள் படித்த பள்ளியில் பிட்சர் பலகைக்கு முன்னால் மழையில் அரித்த பள்ளம் ஒன்று இருந்ததாம். யாரும் மூடவில்லை. காலை இழுத்தால் தடுக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அதைத் தாண்டித் தாண்டியே எறிந்திருக்கிறாள். பள்ளம் அங்கேயே இருக்கிறது, இவள்தான் அதைக் காலில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள்.

ஜூலை 16, வியாழன்

அத்தை மைதா மாவை மண்ணில் கொட்டியது பாவம் என்கிறார்கள். வண்டு விழுந்த மாவு என்று சொன்னேன். வண்டுக்கும் பாவம் என்கிறார்கள்.

ஜூலை 18, சனி

காலை இழுத்து எறிந்தால் சந்தனமாரியின் வேகம் பாதியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மட்டையைக் கொடுத்தேன். அவள் பந்தை அவர்கள் வேலிக்கு அப்பால் அடித்தார்கள். ஒருத்தி, "டீச்சர், இவங்களா மாவட்ட பிட்சர்?" என்று கேட்டேவிட்டாள்.

ஆகஸ்ட் முதல் தேதி திண்டுக்கல்லில் மாநிலப் போட்டி தொடங்குகிறது. இப்படியே போட்டால் உட்கார வைத்துவிடுவேன் என்று அவள் கோச் சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது சாதாரணமாகச் சொல்லப் பார்த்தாள். சொல்லி முடித்ததும் ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

"பழைய மாதிரியே போட்டுறவா மதினி? எல்லா அம்பயரும் உங்கள மாதிரி பாக்க மாட்டாங்க."

"போடலாம்," என்றேன். "பாக்குற ஒருத்தர் வர்ற அன்னைக்கு என்ன செய்வ?"

ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டே விதிகளை வாயால் சொல்லிப் பார்த்தோம். அவள் இவ்வளவு நாள் விதிப்புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. "கைய பின்னால கொண்டுபோகும்போதே இடுப்பைத் தாண்டிருது. அப்பவே பந்த விட்டுறணுமா?" என்றாள். "தேவையில்லை. பின்னால கொண்டுபோய்ட்டு அப்புறம் சுத்தலாம். ஒன்றரைச் சுற்றுக்கு மேல போகக் கூடாது, அவ்வளவுதான்." "பந்தை விடும்போது மணிக்கட்டு?" "முழங்கையைவிட அதிகமா உடம்பை விட்டு விலகக் கூடாது." "ரெண்டு கையும் சேர்ந்து நிக்கணும்ல?" "அசையாம, ஒரு நொடியாவது." ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று சண்டை போட்டாள். அத்தை, "வெங்காயத்துக்கு அழுறீகளா, ரூல்ஸுக்கு அழுறீகளா?" என்று கேட்டார்கள்.

ஜூலை 21, செவ்வாய்

செல்வின் சார் போன் செய்தார். திண்டுக்கல் போட்டிக்கு நடுவர் குழுவில் என் பெயர் வந்திருக்கிறதாம். எங்கள் மாவட்ட ஆட்டங்கள் தவிர மற்றவற்றுக்கு. மாநில அளவில் எனக்கு முதல் முறை. எங்கள் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் போவதே முதல் முறை என்றார்.

பெரிய விஷயமில்லை. யாரோ ஒருவர் நிற்கத்தானே வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நடுவர் உடுப்பின் சாம்பல் நிறக் கால்சட்டையை இஸ்திரி போட்டேன். மடிப்பு கொஞ்சம் கோணலாக விழுந்தது. மறுபடி போட்டேன்.

ஜூலை 26, ஞாயிறு

நல்ல நாள்! அத்தை குடையோடு மைதானத்துக்கு வந்தார்கள். மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். கால் எப்படி இழுபட வேண்டும், எப்படித் தத்தக் கூடாது என்று ஒருமுறை காட்டினேன்.

அதன்பிறகு என் வேலை போய்விட்டது. சந்தனமாரியின் கால் இம்மி தூக்கினாலும் மரத்தடியிலிருந்து "காக்கா!" என்று குரல் வந்தது. நான் கவனிக்காததையெல்லாம் அத்தை கவனித்தார்கள்.

"அம்மா, சும்மா இரும்மா!"

"காலைத் தரையில வையி, நான் ஏன் வாயத் திறக்கப் போறேன்?"

மைதானத்தில் பழகிக்கொண்டிருந்த மற்றவர்களும் "காக்கா" என்று கத்த ஆரம்பித்தார்கள். சந்தனமாரி கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைத் திருப்பி ஒரு பந்து விட்டாள். நான்தான் கையுறையோடு பிடித்தேன். உள்ளங்கை தீப்பட்டதுபோல் எரிந்தது. பழைய வேகம். மண்ணைப் பார்த்தேன். பலகையிலிருந்து ஒரே கோடு, எங்கும் அறுபடவில்லை. இவ்வளவு நாள் கால் கொடுத்த உந்துதலை இடுப்பு கொடுத்துவிட்டது.

"இன்னொன்னு போடு," என்றேன்.

போட்டாள். அதுவும் எரிந்தது. சாப்பிடும்போது சோற்றைப் பிசைய முடியவில்லை. கரண்டியால் சாப்பிட்டேன். இவ்வளவு ருசியாக இந்த வீட்டில் சாப்பிட்டதில்லை. அத்தை மீன்குழம்பு வைத்திருந்தார்கள், அதுதான் காரணம்.

ஜூலை 29, புதன்

நடுவர் குழுவுக்கான தாளில் ஒரு கேள்வி இருந்தது. போட்டியில் ஆடுகிற யாராவது உங்களுக்கு நெருங்கிய உறவா?

செல்வின் சாரிடம் கேட்டேன். "உண்மையைச் சொன்னா இந்தப் போட்டியிலேயே நிக்க விட மாட்டாங்க டீச்சர். போன வருஷம் ஒரு தகராறு ஆகி இப்படி வச்சிட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் இனிஷியல் வேற, பேரைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு அவ ஆட்டமும் வராது. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்துக்கங்க."

ஆம் என்று எழுதினேன். சாயங்காலமே பதில் வந்தது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

நல்லதாகப் போயிற்று. அந்த இரண்டு நாளும் பள்ளியில் சுதந்திர தின அணிவகுப்புப் பயிற்சி இருக்கிறது. வீட்டில், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அத்தை எங்கள் தலைமை ஆசிரியரை ஏழு தலைமுறைக்கும் வைதார்கள். அவர் பாவம், சர்க்கரை நோய்க்காரர்.

சந்தனமாரி மட்டும், "நீங்க வரலையா மதினி?" என்றாள்.

கால்சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

ஜூலை 31, வெள்ளி

இவர் கேட்டார்: "லீவு உண்மையிலேயே கிடைக்கலையா, காளி?"

கிடைக்கும் என்றேன். நடுவராகத்தான் போக முடியாது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இவர், "சரி, நடுவரா போகாட்டி என்ன, ஆளாப் போ. அம்மாவைக் கூட்டிட்டுப் போ, தனியா விட்டா அவங்க அங்க யாரையாவது அடிச்சிருவாங்க" என்றார்.

சந்தனமாரியிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, சனி. திண்டுக்கல்

விடுதி அறையில் எழுதுகிறேன்.

காலை ஆட்டத்தில் சுலபமாக ஜெயித்தார்கள். மாலையில் அரையிறுதி. அத்தையும் நானும் கம்பி வேலியை ஒட்டி உட்கார்ந்தோம். மலையிலிருந்து இறங்குகிற காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது.

கடைசிச் சுற்றில் எங்கள் மாவட்டம் ஒரு ரன் முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் அவுட். ஆனால் மூன்று பேஸிலும் ஆள், மட்டைக்காரிக்கு இன்னும் ஒரு பந்து தவறினால் நடை. அவள் ஒரு நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ வீசித் தவறினாலோ அவளும் அவுட். எல்லாம் ஒரே பந்தில் நிற்கிறது. சந்தனமாரி கையைப் பின்னால் கொண்டுபோய், முழுச் சுற்றுச் சுற்றி விட்டாள். மட்டைக்காரி வீசினாள், பந்து சிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

பிளேட்டுக்குப் பின்னால் நின்ற நடுவர் இடது கையை நீட்டியிருந்தார். பந்து பாதி வழியில் இருக்கும்போதே "இல்லீகல்" என்று சொல்லிவிட்டார். அது நின்றால் நடை, சமநிலை.

"காக்காயா?" என்று அத்தை என் முழங்கையைப் பிடித்தார்கள். "நான் பாத்தேனே, கால் தரையிலதான இருந்துச்சு?"

"கால் சரி அத்தை. கால் ரொம்பச் சரி."

எனக்குப் புரிந்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். விதியைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெளியே உட்கார்ந்திருக்கிற ஒருத்தி நடுவருக்குப் பாடம் சொல்லக் கூடாது. நான் அங்கே நின்றிருந்தால் எனக்குப் பிடிக்குமா? வாயை மூடிக்கொண்டேன்.

சந்தனமாரி பந்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது, பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு கோச்சிடமும் கேப்டனிடமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மூவரும் நடுவரிடம் போனார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் பேச்சு கேட்டது.

"சார், என்ன தப்புன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றார் கோச்.

"கை இடுப்பைத் தாண்டிச்சு, பந்து வரல. மறுபடி சுத்தித்தான் வந்துச்சு."

கோச் சந்தனமாரியைப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. "முதல் தடவை தாண்டும்போதே விடணும்னு விதியில இல்லைங்க சார். கையைப் பின்னால கொண்டுபோய்ட்டு அப்புறம் சுத்தலாம். ஒன்றரைச் சுற்றுக்கு மேல போனாத்தான் தப்பு. நான் போனேனா சார்?"

நடுவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பேஸில் நின்ற மூத்த நடுவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். இருவரும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அத்தை எல்லாக் குலசாமிகளையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

திரும்பி வந்து, பந்து செல்லும், தன் அறிவிப்புதான் தவறு என்று நடுவரே சொன்னார். எங்கள் பக்கம் ஆரவாரம். அவர் கையை உயர்த்தினார். அறிவிப்பு மட்டைக்காரியின் காதில் விழுந்திருக்கிறது, அதனால் அந்தப் பந்து கணக்கில் இல்லை, மறுபடி எறிய வேண்டும். கோச் தலையில் கைவைத்தார். அத்தை, "இது என்னத்தா நியாயம்?" என்றார்கள்.

"இதான் அத்தை நியாயம்," என்றேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

சந்தனமாரி பலகையில் ஏறினாள். இரண்டு கையையும் சேர்த்து அசையாமல் நின்றாள். எறிந்தாள். இந்த முறை மட்டைக்காரி அடித்துவிட்டாள். பந்து தரையில் பட்டுச் சீறி, நேராகச் சந்தனமாரியின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. அத்தை அலறினார்கள். அவள் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே பந்தைப் பொறுக்கி, உட்கார்ந்தபடி கேட்சருக்குத் தள்ளிவிட்டாள். கேட்சர் ஹோம் பிளேட்டில் காலை வைத்துக்கொண்டு பிடித்தாள். மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்தவள் ஓரடி வெளியே.

அவுட். ஜெயித்தாயிற்று.

அத்தை யாரையும் அடிக்கவில்லை. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அம்மாள் எதிரணிக்காரி.

ஐஸ் கட்டியோடு நான் போனபோது, அந்த நடுவர் சந்தனமாரி பக்கத்தில் நின்றிருந்தார். "விதியெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"எங்க வீட்ல ஒருத்தங்க இருக்காங்க சார். தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. அப்புறம் சோறு போடுவாங்க."

நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் பக்கத்தில் போனேன். ஐஸ் பாதி உருகிவிட்டது. காற்றில் மண் அதிகம், கண்ணைக் கழுவ வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு. பேருந்தில்

கையெழுத்து கோணலாக வருகிறது. இறுதி ஆட்டத்தில் பலமாகத் தோற்றோம். வீங்கின காலோடு சந்தனமாரி இரண்டு சுற்றுதான் போட்டாள். இரண்டாம் இடத்துக்கான கோப்பை அத்தை மடியில் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

சந்தனமாரி காலை என் மடியில் நீட்டிக்கொண்டு வருகிறாள். திண்டுக்கல்லுக்கு வந்திருந்த செல்வின் சாரை அவள் பார்த்திருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் சத்தியம் வாங்கியது இவரிடம் மட்டும்தான், அது என் தப்பு.

"உங்க பேரு லிஸ்ட்ல வந்துச்சாமே மதினி. எனக்காக விட்டீங்களா?"

"உனக்காக ஒண்ணும் இல்ல. கேள்வி கேட்டிருந்தாங்க, பதில் எழுதினேன்."

"வருத்தமா இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "இருந்துச்சு," என்றேன். "ரொம்ப இருந்துச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை எழுதுவதற்காகத்தான் இப்போது விடச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் எழுதி முடித்துவிடுகிறேன். இன்றைய இறுதி ஆட்டத்தில் மூன்றாவது சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேலிப்பக்கம் வந்தார். பார்வையாளர் ஒருவர் அளவுக்கு மீறிக் கத்துகிறார், இன்னொரு முறை கத்தினால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அத்தையைச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அத்தை வாயே திறக்காமல் மேசையில் வைத்திருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி சார் என்றேன். அடுத்த பந்துக்கே மறுபடி கத்தினேன்.